அவுட்டாகிப் போகிறவரிடம் என்ன வீரம்?

2023 அக்டோபர் 14. அகமதாபாத் நரேந்திர மோடி அரங்கில் இந்தியா–பாகிஸ்தான் உலகக் கோப்பை ஆட்டம். பும்ரா போட்ட கட்டர் முகமது ரிஸ்வானின் ஸ்டம்பைப் பெயர்த்தது. அரைசதத்துக்கு ஒரு ரன் குறைவாக, 49 ரன்னில் அவர் வெளியேறினார். டிரெஸ்ஸிங் ரூம் படிகளில் ஏறிக்கொண்டிருந்த அவரைப் பார்த்து இரு பக்கமும் இருந்த ரசிகர்கள் 'ஜெய் ஸ்ரீராம்' என்று கத்தினார்கள். அந்தக் காணொளி அன்று மாலையே நாடு முழுக்கச் சுற்றியது. அப்போது தமிழக விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் கண்டித்தார், பாஜகவினர் பதிலுக்குப் பாய்ந்தார்கள், இரண்டே நாளில் அது வழக்கமான கட்சிச் சண்டையாகிக் கரைந்துபோனது. அரங்கில் என்ன கத்தலாம், என்ன கத்தக் கூடாது, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கத்துவதில் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. தொண்டை கட்டுகிற அளவுக்கு 'இந்தியா... இந்தியா' என்று கத்தாவிட்டால் டிக்கெட் எடுத்து உள்ளே போவதில் என்ன பொருள்? கேலியும் இருக்கட்டும். 2025 ஆசியக் கோப்பையில் துபாயில் எல்லைக்கோட்டருகே நின்ற ஹாரிஸ் ரவூஃபைப் பார்த்து நம் ரசிகர்கள் 'கோலி, கோலி' என்று கூவினார்கள். 2022இல் மெல்போர்னில் 19ஆவது ஓவரில் கோலி அவரை அடித்த இரண்டு சிக்சர்களை நினைவூட்டும் கூவல் அது. நல்ல கேலி. ஆட்டத்தில் நடந்ததைக் கொண்டு ஆட்டக்காரரைச் சீண்டுவது. அதற்கு ரவூஃப் தந்த பதில்தான் மோசம். அந்த ஆண்டு மே மாதம் இரு நாட்டுக்கும் நடந்த மோதலில் ஆறு இந்திய விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொல்லிக்கொண்டதை விரல்களால் காட்டினார், விமானம் விழுவதுபோல் சைகையும் செய்தார். ஐசிசி அவருக்கு ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் போட்டது. அபராதம் சரி. ஆனால் வீரர்களைத் தண்டிக்கிற சுறுசுறுப்பு, மதத்தைச் சொல்லி ஒருவரைச் சீண்டும் கூட்டத்தின் மீது ஒருநாளும் வந்ததில்லை.

அகமதாபாத் முழக்கத்தை நாட்டுப்பற்று என்று வாதிடுகிறவர்களுக்கு ஒரு ஸ்கோர்கார்டைக் காட்டலாம். 2 விக்கெட்டுக்கு 155 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாகிஸ்தான், 191க்குச் சுருண்டது. அந்தச் சரிவைத் தொடங்கிவைத்தவர் முகமது சிராஜ். சரியாக 50 ரன் எடுத்திருந்த பாபர் அசாமை போல்டாக்கியவர் அவர்தான். நீலச் சட்டை போட்டு, நம் நாட்டுக்காக விக்கெட் எடுத்த சிராஜுக்கு அந்த முழக்கத்தில் எந்த இடம்? 'இந்தியா' என்று கத்தினால் சிராஜ் உள்ளே இருக்கிறார், பும்ரா இருக்கிறார், குல்தீப் இருக்கிறார். ஒரு மதத்தின் பெயரை இன்னொரு மதத்துக்காரர் மீது கல்லாக எறியும்போது சிராஜும் ஷமியும் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் கோயிலிலும் கோடிக்கணக்கானவர்கள் பக்தியோடு சொல்கிற ராமநாமம் அது. அதை வசைச்சொல்லாக்குவது பக்திக்கும் சேவையில்லை, நாட்டுக்கும் சேவையில்லை. 2021இல் துபாயில் பாகிஸ்தானிடம் தோற்ற இரவே சமூக ஊடகத்தில் ஷமியைத் துரோகி என்று வைதார்களே, அந்த வசவும் இந்த முழக்கமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

'அந்தக் காலம் வேறு, இப்போது பகை முற்றிவிட்டது' என்று சொல்பவர்கள் 1999 ஜனவரியை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பொக்ரானிலும் சாகாயிலும் இரு நாடும் அணுகுண்டு வெடித்து எட்டே மாதம் ஆகியிருந்தது. பாகிஸ்தான் வரக் கூடாது என்று சிவசேனைக்காரர்கள் டெல்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள், மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகத்துக்குள் புகுந்து நொறுக்கினார்கள். அதனால் டெல்லியில் தொடங்கவிருந்த தொடரின் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. பதற்றம் இன்றைக்குக் குறைந்ததாக இல்லை.

நான்காம் நாள் இலக்கு 271. 5 விக்கெட்டுக்கு 82 என்று கவிழ்ந்த இந்தியாவை, முதுகுவலியோடு சச்சினும் கூட நின்று மோங்கியாவும் தூக்கி நிறுத்தினார்கள். சச்சின் 136 ரன்னில் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கியடிக்கப் போய் வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தபோது வேண்டியிருந்தது 17 ரன்தான். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. உள்ளே சச்சின் அழுதுகொண்டிருந்தார். ஆட்ட நாயகன் விருதை வாங்கக்கூட அவர் வெளியே வரவில்லை. வெளியே சேப்பாக்கம் கூட்டம் சற்று நேரம் திகைத்து நின்றது. பிறகு ஒரு பக்கம் கைதட்டல் எழுந்தது, அடுத்த கேலரி எழுந்து நின்றது, கொஞ்ச நேரத்தில் அரங்கே பாகிஸ்தானுக்காகத் தட்டிக்கொண்டிருந்தது. அக்ரம் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். தோற்ற வலி அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சமாகவா இருந்திருக்கும்? அதற்கு இரண்டு வருடம் முன்பு, இதே அரங்கில் சயீத் அன்வர் இந்தியாவை அடித்து நொறுக்கி 194 எடுத்தபோதும் எழுந்து நின்று தட்டியவர்கள்தான் இவர்கள். நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று அவர்களை அன்று யாரும் சொல்லவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சலிப்பதே இல்லை. ஆகவே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக் கூடாது என்று தமிழக அரசு நின்றது, ஐபிஎல் நிர்வாகமும் இணங்கியது. ஈழத் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமைகள் மீதான கோபம் நியாயமானது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அரசின் குற்றத்துக்கு ஆட்டக்காரரைப் பிடித்த அந்தத் தடை, மலையகத்தின் முத்தையா முரளிதரன் என்ற தமிழரையும் சேர்த்தே வாசலில் நிறுத்தியது. சேப்பாக்கத்துக் கைதட்டலின் பெருமையைக் கோருகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஏற்கத்தான் வேண்டும். கொல்கத்தாவுக்கும் அப்படியே. சேப்பாக்கம் டெஸ்ட் முடிந்த அடுத்த மாதமே ஈடன் கார்டனில், ஷோயப் அக்தர் மீது மோதி சச்சின் ரன் அவுட்டானதில் ஆத்திரமான கூட்டம் பொருட்களை வீச, கடைசி நாளில் அரங்கையே காலி செய்து ஆட்டத்தை முடித்தார்கள். கிரிக்கெட்டை இந்த நாட்டில் மிக நேசிக்கிற ஊர்களில் ஒன்று அது! ஊருக்கென்று நிரந்தரக் குணம் எதுவும் இல்லை. அன்றைக்கு என்ன அனுமதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துக் கூட்டம் மாறுகிறது.

எதிரணி வீரரை ரசிகர்கள் தத்தெடுத்துக்கொண்ட கதை எல்லைக்கு அந்தப் பக்கமும் உண்டு. 2004இல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது அங்குள்ள கேலரிகளின் செல்லப்பிள்ளையானவர் நம் லட்சுமிபதி பாலாஜி. ஷோயப் பந்தைத் தூக்கிச் சிக்சர் அடித்ததும், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அந்த முகமும் அவர்களுக்குப் பிடித்துப்போக, ஓர் இந்திப் படப் பாட்டில் அவர் பெயரைச் செருகி, மெல்ல வாப்பா என்கிற மாதிரி கோரஸாகப் பாடினார்கள். அந்தத் தொடருக்காக ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு விசா கிடைத்திருந்தது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அரங்கில் இரு தரப்பும் இருந்தன.

2023 அகமதாபாதில் அது இல்லை. 1,32,000 பேர் அமரும் அரங்கில் பாகிஸ்தானிலிருந்து வந்த ரசிகர்கள் கிட்டத்தட்ட எவருமில்லை, விசா கிடைக்கவில்லை. இது ஐசிசி போட்டி மாதிரியே இல்லை, பிசிசிஐ நடத்திய இருதரப்புத் தொடர் மாதிரி இருந்தது என்று பாகிஸ்தான் அணி இயக்குநர் மிக்கி ஆர்தர் சொன்னார். தோற்றவர் சாக்கு சொல்கிறார் என்று நாம் சிரித்தோம். ஏழு விக்கெட்டில் தோற்றதற்கு அது காரணமில்லைதான், ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. காமன் எரிந்தானா இல்லையா என்று இரு கட்சியாகப் பாடும் லாவணியில் எரிந்த கட்சி மேடையில் இருந்தால்தான் எரியாத கட்சிக்குப் பாட்டு வரும். எதிர்க்குரல் இல்லாத அரங்கில் முழக்கத்தின் சுவை கெடுகிறது, பதில் சொல்ல ஆளில்லாததால் எதையும் சொல்லலாம் என்றாகிவிடுகிறது.

அடுத்த வாரம் பெங்களூரு சின்னசாமி அரங்கில் நடந்தது இன்னும் விசித்திரம். அன்று ஆடியது ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும். இந்தியா ஆடவே இல்லை. பாகிஸ்தான் சட்டை அணிந்த ரசிகர் ஒருவரிடம் 'பாகிஸ்தான் ஜிந்தாபாத்' என்று கத்தக் கூடாது என்று காவலர் ஒருவர் தடுத்தார். பாகிஸ்தானிலிருந்து வந்தவன் வேறு என்ன கத்துவது என்று அவர் கேட்டது காணொளியில் பதிவாகியிருக்கிறது. காவலரிடம் அதற்குப் பதில் இல்லை. சட்டத்திலும் இல்லை. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்றே சண்டிகரில் காலிஸ்தான் முழக்கமிட்ட இருவரை, அதனால் எந்தக் கலவரமும் மூளவில்லை, வெறும் முழக்கம் தேசத்துரோகமாகாது என்று 1995இல் விடுவித்தது உச்ச நீதிமன்றம், பல்வந்த் சிங் வழக்கில். அப்படியிருந்தும் 2021இல் பாகிஸ்தான் வெற்றியைக் கொண்டாடியதாக ஆக்ராவில் கைதான மூன்று காஷ்மீர் மாணவர்கள் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் பெற ஐந்து மாதம் சிறையில் கிடந்தார்கள். ஒரு பக்கம் கிரிக்கெட் அணியை வாழ்த்தினால் சிறை, இன்னொரு பக்கம் விருந்தாளியை மதம் சொல்லி வைதால் வேடிக்கை. இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

பஹல்காமில் மதம் கேட்டுக் கேட்டுச் சுட்டுக் கொன்றார்களே, அந்த நாட்டு அணிக்குக் கைதட்டச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, தட்டிக் கழிக்க மாட்டோம். யாரும் கைதட்டக் கடமைப்பட்டவர்கள் அல்ல. ஆடவே வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தால் அதுவும் ஒரு நேர்மையான முடிவு. ஆனால் இங்கே நடப்பது வேறு. ஐசிசி போட்டி என்றால் இரு அணியும் ஒரே பிரிவில் வந்து விழுந்துவிடுகின்றன, ஏனென்றால் அந்த ஒரு ஆட்டத்தின் விளம்பரப் பணம் முழுத் தொடரையும் தாங்குகிறது. வாரங்களுக்கு முன்பிருந்தே தொலைக்காட்சி அதைப் போர் என்று விற்கிறது. களத்தில் கைகுலுக்க மறுப்பார்கள், கோப்பையை வாங்க மறுப்பார்கள், ஒளிபரப்பு உரிமைப் பணத்தை மட்டும் யாரும் மறுத்ததில்லை. பகையை விற்றுக் காசு பார்க்கிறவர்கள் மேலே இருக்க, கேலரியில் கத்துகிற இருபது வயதுப் பையனை மட்டும் குறை சொல்வது கோழைத்தனம்.

அதனால் எங்கள் கோரிக்கை முதலில் வாரியத்திடமும் காவல்துறையிடமும்தான். மதம், நிறம், இனம் சொல்லி வீரரைச் சீண்டுவதைத் தடுக்க ஐசிசியின் பாகுபாடு எதிர்ப்பு விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஜனவரியில் சிட்னியில் ரசிகர்கள் சிராஜை இழிவாகப் பேசியபோது நாம்தான் புகார் செய்தோம். நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள், காவலர்கள் ஆறு பேரை அரங்கிலிருந்து வெளியேற்றினார்கள், ஆஸ்திரேலிய வாரியம் மன்னிப்புக் கேட்டது. கால்பந்தில் இதற்குப் படிப்படியான நடைமுறையே இருக்கிறது. 2019இல் சோஃபியாவில் இனவெறிக் கூச்சலுக்காக பல்கேரியா–இங்கிலாந்து ஆட்டத்தை இரண்டு முறை நிறுத்தினார்கள். சிராஜுக்குச் சிட்னியில் கேட்ட நியாயத்தை ரிஸ்வானுக்கு அகமதாபாதில் தர மறுத்தால், அடுத்த முறை எந்த முகத்தோடு நாம் புகார் கொண்டுபோவது? ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, அடங்காவிட்டால் வெளியேற்றம், மறுபடியும் செய்தால் டிக்கெட் தடை. செய்ய முடியாதது எதுவும் இதில் இல்லை. தண்ணீர் பாட்டிலைக்கூட வாசலில் பறித்துவைக்கிற நிர்வாகம், உள்ளே யார் எந்த இருக்கையில் இருக்கிறார் என்று கேமராவில் பார்க்கிற நிர்வாகம் இது.

2027 வரை ஐசிசி போட்டிகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மண்ணில் மற்றொன்று ஆடுவதில்லை என்று உடன்பாடாகிவிட்டது. எனவே அவசரமில்லை என்று வாரியம் நினைக்கலாம். அவசரம் இருக்கிறது. 2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அதே அகமதாபாதில் நடக்கப்போகிறது. அதற்குப் பின் 2036 ஒலிம்பிக்கையும் அந்த நகருக்கே கேட்டுக்கொண்டிருக்கிறோம். காமன்வெல்த்தில் பாகிஸ்தானும் உறுப்பு நாடு. 2022 பர்மிங்காம் போட்டியில் ஈட்டியை 90.18 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற அர்ஷத் நதீமின் நாடு. பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் நீரஜ் சோப்ராவை முந்தித் தங்கம் வென்றபோது அவரும் எங்கள் பிள்ளைதான் என்று சொன்னவர் ஹரியாணா கிராமத்திலிருக்கிற நீரஜின் தாய். அதே நதீமைப் பெங்களூருவில் தான் நடத்தவிருந்த ஈட்டி எறிதல் போட்டிக்கு அழைத்ததற்காக 2025இல் நீரஜும் குடும்பமும் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. பாகிஸ்தானிலிருந்து ஒருவர் அந்த ஓடுபாதையில் வந்து நிற்கும்போது, அவர் நாட்டுக் கொடியோடு வந்த ரசிகரிடம் காவலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவரை மதம் சொல்லி வைகிறவரை என்ன செய்ய வேண்டும் என்ற எழுத்துமூலமான நிலையாணை, தொடக்க விழாவுக்கு முந்தைய வாரம் அல்ல, இந்த ஆண்டே வெளிவர வேண்டும். சோதித்துப் பார்க்க உள்ளூர் ஆட்டங்களும் ஐபிஎல்லும் இருக்கின்றன.