கண்டிக்கப்படும் அநீதியும் கைவிடப்படும் அநீதியும்

உலகில் நிகழும் அநீதிகள் யாவும் ஒரே அளவான கண்டனத்தைப் பெறுவதில்லை. ஒரு நாட்டிலே நூறுபேர் சுடப்பட்டு வீழ்ந்தால் கண்டங்கள் கடந்து ஊர்வலங்கள் எழுகின்றன. இன்னொரு நாட்டிலே பல்லாயிரவர் பட்டினியால் மாண்டாலும் ஒரு துண்டுப்பிரசுரமேனும் வெளிவருவதில்லை. இவ்வேறுபாட்டுக்கு இருவகை விளக்கங்கள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. துயரத்தின் அளவே எதிர்ப்பின் அளவைத் தீர்மானிக்கின்றது என்பது ஒன்று. எதிர்ப்பாளர் அனைவரும் வேடதாரிகள் என்பது மற்றையது. இவ்விரண்டும் வரலாற்றின் முன் நிற்கமாட்டா. துயரம் எத்துணை பெரிதாயினும், அதனை எதிர்ப்பதற்கான ஒரு பிடி தூரத்து மனிதனின் கைக்கு எட்டாதவரை மனக்கவலை இயக்கமாக உருப்பெறுவதில்லை. அப்பிடி தானாக முளைப்பதுமில்லை. அதனை ஆக்குபவரும் உளர். திட்டமிட்டு அறுத்தெறிபவரும் உளர்.

தென்னாபிரிக்காவை முதலில் நோக்கலாம். 1960 மார்ச் 21 ஆம் திகதி ஷாப்வில்லில் பொலிசார் 69 பேரைச் சுட்டுக்கொன்றபோது உலகம் கொதித்தெழுந்தது. ஆயினும் அக்கொதிப்பு வெற்றுவெளியிலிருந்து பிறக்கவில்லை. தென்னாபிரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அதற்கு முந்திய ஆண்டிலேயே இலண்டனில் தொடங்கிவிட்டது. சந்தைக்குச் செல்லும் சாதாரண மனிதன் அந்நாட்டுத் தோடம்பழத்தை வாங்காது விடுவதன் மூலம் நிறவெறிக்கு எதிராக ஒரு செயலைப் புரிய முடிந்தது. விளையாட்டரங்கும் அவ்வாறே ஒரு போர்க்களமாயிற்று. இதற்கு இலங்கையும் புறம்பாக நிற்கவில்லை. ரெஸ்ற் தகுதி பெற்றுச் சொற்ப காலமே சென்றிருந்த 1982 இல், பணத்துக்காகத் தென்னாபிரிக்கா சென்று ஆடிய இலங்கைக் கிரிக்கெற் வீரர்கள்மீது 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. சோவெற்றோவின் புழுதியைக் கண்டறியாத இலங்கையரும் நிறவெறியைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுக்கவேண்டிய கட்டாயத்தை ஒரு மட்டையும் பந்தும் ஏற்படுத்தின.

இதே காலப்பகுதியில் கிழக்குத் திமோரில் நிகழ்ந்ததோ வேறு. போர்த்துக்கேயக் குடியேற்ற ஆட்சி தளர்ந்ததைத் தொடர்ந்து, 1975 நவம்பர் 28 இல் அங்கு சுதந்திரம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஒன்பது நாள்களின் பின், டிசெம்பர் 7 இல், இந்தோனேசியப் படை அத்தீவில் இறங்கியது. அதற்கு முதல்நாள் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டும் இராஜாங்கச் செயலாளர் கீசிங்கரும் ஜகார்த்தாவில் சுகார்ட்டோவுடன் உரையாடினர். படையெடுப்புக்குத் தாம் இடையூறு செய்யப்போவதில்லை என்று அவர்கள் உணர்த்தியமையைப் பின்னர் வெளியான அரச ஆவணங்கள் காட்டுகின்றன. 1974 முதல் 1999 வரையான காலத்தில் குறைந்தபட்சம் 1,02,800 பேர் மோதலின் விளைவாக மாண்டனர் எனத் திமோரின் உண்மை ஆணைக்குழு பின்னர் மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் பட்டினியாலும் நோயாலும் இறந்தோர். ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்களே வாழ்ந்த நாடு அது.

இத்துணை மரணத்துக்கும் எழுந்த குரல் ஏன் அத்துணை மெல்லியதாயிற்று? பத்திரிகையாளருக்குத் தீவின் கதவு அடைக்கப்பட்டது. படையெடுப்புக்கு முன்னரே, 1975 ஒக்ரோபரில், பலிபோ என்னுமிடத்தில் ஐந்து செய்தியாளர் கொல்லப்பட்டிருந்தனர். மேற்குலகுக்கு ஜகார்த்தா கம்யூனிச எதிர்ப்பு அரண். அவுஸ்திரேலியாவுக்குத் திமோர்க் கடலின் எண்ணெய் பெரிதாயிற்று. 1989 இல் அது இந்தோனேசியாவுடன் அக்கடல்வளத்தைப் பங்கிடும் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டது. மறுபுறம், 1955 இல் பாண்டுங் மாநாட்டை நடத்திய நாட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மூன்றாம் உலக அரசுகள் பல தயங்கின. ஏகாதிபத்தியம் என்றாலே வெள்ளைத்தோலை எதிர்பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஆசியனை ஆசியன் ஆக்கிரமிப்பது ஆக்கிரமிப்பாகத் தெரியவில்லை. முதலாளித்துவ முகாமுக்குத் திமோர் சங்கடமாயிருந்தது. அணிசேரா முகாமுக்கும் அது சங்கடமாகவே இருந்தது. எந்த முகாமுக்கும் பயன்படாத பிணம் எவராலும் எண்ணப்படுவதில்லை என்பதே திமோர் புகட்டும் கசப்பான பாடமாகும்.

எனினும் அம்மௌனம் நிரந்தரமாக நிலைக்கவில்லை. 1991 நவம்பர் 12 இல் தலைநகர் டிலியின் சந்தா குரூஸ் இடுகாட்டில் இளைஞர்மீது படையினர் சுட்டனர். அங்கிருந்த பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஒருவர் தமது ஒளிநாடாவைப் புதைகுழியொன்றில் மறைத்துவைத்து, பின்னர் நாட்டுக்கு வெளியே அனுப்பினார். முன்னைய ஆண்டுகளின் பட்டினிச் சாவுகளோடு ஒப்பிடுகையில் அன்று இறந்தோர் தொகை சிறிது. ஆயினும் உலகம் அசைந்தது அன்றுதான். அதற்கு முன்பும் சிலர் உறங்கியிருக்கவில்லை. எழுபதுகளில் வட அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிலர், அரசின் தடையையும் மீறி, திமோர்ப் போராளிகளுடன் வானொலித் தொடர்பைப் பேணினர். 1996 இல் இங்கிலாந்தில் மூன்று பெண்கள், இந்தோனேசியாவுக்கு அனுப்பப்படவிருந்த ஹோக் போர்விமானமொன்றைச் சுத்தியல் கொண்டு சேதப்படுத்தினர். யூரிகள் அவர்களைக் குற்றவாளிகளெனக் காணவில்லை. பிடியில்லாத அநீதிக்குப் பிடியை ஆக்கிக்காட்டியவர் இவர்களே. 1999 ஓகஸ்ட் 30 இல் திமோர் மக்களில் 78.5 வீதத்தினர் விடுதலைக்குச் சார்பாக வாக்களித்தனர். 2002 மே 20 இல் அந்நாடு சுதந்திரமடைந்தது. திமோரியரின் தியாகமே அதற்கு அடிப்படை. ஆயினும் வெளியிலிருந்த அச்சிறு தொகையினரின் பணியைச் சிறிதெனக் கூறுதல் நன்றி மறத்தலாகும்.

அண்மைக்கால நிகழ்வுகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். 2024 இல் காஸாவின் அழிவைக் கண்டித்து அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் வளாகங்களிற் கூடாரமடித்தனர். தம் நாட்டு ஆயுதமும் தம் பல்கலைக்கழக முதலீடும் அவ்வழிவிற் கலந்திருந்தமையே அவர்களுக்குக் கிடைத்த பிடி. உடனே, "சூடானுக்காக ஏன் கூடாரம் அடிக்கவில்லை?" என்ற வினா எழுப்பப்பட்டது. வினா நியாயமானது, வினவியோர் பலரின் நோக்கமோ அத்தகையதன்று. சூடானுக்காக ஒரு கூட்டமேனும் கூட்டியிராதவர், காஸாவுக்கான கூட்டத்தைக் கலைப்பதற்காக மட்டும் சூடானை நினைவுகூர்ந்தனர். அவர்கள் வேண்டியது இரண்டு எதிர்ப்புகளை அல்ல, இரண்டு மௌனங்களை. ஓர் அநீதியின் பிணத்தை மற்றோர் அநீதிக்குத் திரையாக விரிப்பது இறந்தோரை மறுபடியும் கொல்வதாகும்.

ஆனால், வினவியவரின் கபடம் வினாவுக்கு விடையாகிவிடாது. 2023 ஏப்ரலில் மூண்ட சூடான் போர் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களை வீடிழக்கச் செய்தது. 2024 ஓகஸ்டில் டார்பூரின் சம்சம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. அங்கே பிடியே இல்லையா? சூடானின் தங்கம் பெருமளவு துபாய்ச் சந்தையைச் சென்றடைகின்றது. போரிடும் தரப்புகளுள் ஒன்றுக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் வழங்குகின்றது என்ற குற்றச்சாட்டு உண்டு. அமீரகம் அதனை மறுக்கின்றது. அந்த அமீரகத்தில் உழைத்து அனுப்பும் பணத்திலே இலங்கையின் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. பிழைக்கச் சென்ற தொழிலாளியின்மேற் பழி சுமத்துவது அநியாயம். அவன் குரலெழுப்பினால் வேலையும் விசாவும் பறிபோகும். ஆனால் அந்த அச்சமற்ற கற்றோர் குழாம், மாணவர் சங்கங்கள், பத்திரிகைகள் ஆகியன சூடானைத் தூரத்து நாடு எனக் கூறித் தப்பமுடியாது.

தமிழருக்கு இவ்விடயத்திற் சிறப்பான ஒரு கடப்பாடு உண்டு. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளரும் தொண்டு நிறுவனங்களும் வன்னியிலிருந்து வெளியேறப் பணிக்கப்பட்டனர். சுதந்திரமான செய்தியாளருக்குப் போர்க்களம் மூடப்பட்டது. 2009 இல் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்திலும் ரொறன்ரோ நெடுஞ்சாலையிலும் தமிழர் கூடிநின்று, உலகம் ஏன் வாளாவிருக்கின்றது என்று கேட்டனர். அவ்வினாவின் நேர்மை, அதனைக் கேட்டவர் பிறருக்காகவும் கேட்கின்றனரா என்பதிலே தங்கியுள்ளது. தன் பிணத்தை மட்டும் எண்ணுபவன் நீதி கோருபவனல்லன். தன் பங்கைக் கோருபவன். முள்ளிவாய்க்காலுக்காக உலகைக் குற்றஞ்சாட்டும் வாய், டார்பூரைக் கண்டு மூடிக்கொள்ளுமாயின், உலகின் மௌனத்துக்கு அதுவே நியாயமும் வழங்கிவிடுகின்றது.

எல்லா அநீதிகளுக்கும் எதிராக எல்லோரும் ஒரேநேரத்திற் கிளர்ந்தெழ இயலாது என்பது உண்மையே. மனித வலிமைக்கு எல்லையுண்டு, கவனத்துக்கும் எல்லையுண்டு. ஆகவே தெரிவு தவிர்க்கமுடியாதது. ஆனால் அத்தெரிவின் அளவுகோல், கொன்றவன் எந்த முகாமைச் சேர்ந்தவன் என்பதாக இருத்தலாகாது. தன் அரசும், தன் சந்தையும், தன் பணமும் எங்கே கலந்துள்ளனவோ அங்கே முதற்குரல் எழவேண்டும். கதவடைக்கப்பட்ட இடத்திலிருந்து ஒரு செய்தியேனும் வெளிவருமாயின், அதனைப் பற்றிக்கொள்ளும் கைகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகம் என்பது அத்தகைய கைகளைப் பயிற்றும் இடமாக அமையாதவிடத்து, அது பட்டம் வழங்கும் பண்டகசாலையாக மட்டுமே எஞ்சும்.