பழைய அணிக்கு ஒரு ஆட்டம் வேண்டும்

கல்லூரி வாலிபால் அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்கு இன்று அநேகமாக ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். தினமும் குட் மார்னிங் படம், பிறந்தநாள் கேக், எப்போதாவது ஓர் இரங்கல் செய்தி, தேர்தல் வந்தால் ஒரு சண்டை, கோபித்துக்கொண்டு வெளியேறும் இரண்டு பேர். இதை வைத்துக்கொண்டு தொடர்பு விட்டுப்போகவில்லை என்று நம்புகிறோம். பேசிப் பழகி வந்த நட்பைப் பேச்சு காப்பாற்றும். சேர்ந்து ஆடி வந்த நட்புக்கு, சேர்ந்து செய்ய ஏதாவது வேலை இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

செட்டரும் அட்டாக்கரும் மூன்று வருடம் ஒன்றாக ஆடியிருப்பார்கள். ஒருவருடைய அப்பாவுக்கு என்ன தொழில் என்று மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் முதல் பாஸ் கெட்டால் அவன் எந்தப் பக்கம் நகர்வான், களைத்துப்போனால் பந்தை எவ்வளவு உயரத்தில் கேட்பான் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். இப்படிப்பட்ட நெருக்கத்துக்கு உடம்பிலும் காரணம் உண்டு போலிருக்கிறது. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் ஆக்ஸ்ஃபோர்டு படகு வீரர்களிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அதே பயிற்சியைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிட, சேர்ந்து செய்தபின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் கூடுதலாகச் சுரந்ததன் அடையாளம் அது, நெருக்கத்தை வளர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்பது அவர்கள் ஊகம். வெறும் 12 பேரிடம் நடந்த சோதனை என்பதால் அதன்மேல் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் மைதானத்தில் ஆடியவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

முட்டி தேய்ந்த வயதில் என்ன ஆட்டம் என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 2011இல் நடைக் கால்பந்து தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். அதில் ஓடினால் ஃபவுல். அதுவும் முடியாதென்றால் கேரம் பலகை போதும், கல்லூரியின் இன்றைய அணிக்கு மாதம் ஒரு மாலை பயிற்சி கொடுத்தாலும் போதும். துபாயில் இருப்பவருக்கு இது உதவாது, ஒப்புக்கொள்கிறேன், அவருக்குப் போன்தான். இன்னோர் ஆட்சேபம் கனமானது: அவர்கள் நாம் தேர்ந்தெடுத்த நண்பர்கள் இல்லையே, கோச் பொறுக்கிப் போட்டவர்கள்தானே? அவர்களை விடக்கூடாது என்று நான் சொல்வதே அதற்காகத்தான். ஐம்பது வயதில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஆட்களைப் பாருங்கள்: ஒரே அலுவலகம், ஒரே அபார்ட்மென்ட், பல நேரம் ஒரே சாதி. செலக்‌ஷன் ட்ரயலில் கோச் பார்த்தது குதிக்கும் உயரத்தை மட்டும்தான் என்றால், அந்த அணியில் வாழ்க்கை முழுக்க நமக்கு எதிர்ப்படவே வாய்ப்பில்லாத ஒருவர் நிச்சயம் இருப்பார்.

ஆண்கள் நட்பு சேர்ந்து செய்வதில் நிற்கிறது, பெண்கள் நட்பு பேச்சில் நிற்கிறது என்று டன்பாரும் சக ஆய்வாளர் சாம் ராபர்ட்ஸும் பள்ளி முடித்த இளைஞர்களை 18 மாதம் கவனித்துச் சொன்னார்கள். அதைக் காட்டி, பெண்கள் அணிக்கு மைதானம் எதற்கு, போன் இருக்கிறதே என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் பதினெட்டு வயதில் கண்டதை நாற்பத்தைந்துக்குப் பொருத்த முடியாது. கல்யாணம், ஊர் மாற்றம், நம்பர் மாற்றம் என்று முதலில் கலைவது பெண்கள் அணிதான். காலை ஆறு மணிக்கு ஆண்கள் மைதானத்துக்குப் போகும்போது பெண்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிகள் ஞாயிறு மாலையில் பழைய மாணவியருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வலையைப் பெண்கள் ஆட்டத்துக்கான 2.24 மீட்டருக்கு இறக்கிக் கட்டுவதைத் தவிர வேறு செலவில்லை.