சிகிச்சையும் முன்குற்றமா?

பேராக்கின் ஜெலாப்பாங் தாமான்களில் மகன் ‘சியாபு’ எனும் மெத்தாம்பெட்டமைன் பழக்கத்தில் விழுந்துவிட்டான் என்று தெரிந்த தாய், உதவி கேட்க எங்கே போவார்? போலிசுக்குச் சொன்னால் பிள்ளை உள்ளே போவான். சொல்லாவிட்டால் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக வெளியே போகும்.

பிடிபட்டால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்குமேல் 2 முதல் 3 ஆண்டு மேற்பார்வை. போதைப்பழக்கத்துக்கு ஆளானோரின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுப்பினால் மறுவாழ்வு மையம். சிறுநீர் ஒன்றுதான், ஒருவன் குற்றவாளி, இன்னொருவன் நோயாளி.

இதைவிட மோசமானது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39சி பிரிவு. ஏற்கெனவே இருமுறை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டவர் மீண்டும் போதைப்பொருள் உட்கொண்டு தண்டிக்கப்பட்டால், 5 முதல் 7 ஆண்டு சிறை, மூன்று பிரம்படி வரை. சிகிச்சையில் இருந்ததையே முன்குற்றமாக எண்ணுகிறது சட்டம். போதைப்பழக்கம் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய் என்று எந்த மருத்துவரும் சொல்வார்.

2023இல் போதைப்பொருள் கடத்தலுக்கான கட்டாய மரண தண்டனையை நீக்கி, நீதிபதி யோசிக்க இடம் கொடுத்தோம். 39சியில் சிக்கும் உட்கொள்பவனுக்கோ 5 ஆண்டுக்குக் குறையக்கூடாது என்ற கெடுபிடி நீடிக்கிறது. வேடிக்கைதான்.

‘தண்டனையை எடுத்தால் ஊரே கெட்டுவிடும்’ என்பார்கள். போர்ச்சுகல் 2001 முதல் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்கி, ஆலோசனைக் குழுவின்முன் அனுப்புகிறது. விற்பவன் அங்கேயும் குற்றவாளிதான். நாமும் எச்.ஐ.வி. பரவலுக்குப் பயந்து 2005இல் மெத்தடோனையும் அடுத்த ஆண்டில் ஊசி மாற்றுத் திட்டத்தையும் கொண்டுவந்தோம். ஆனால் மெத்தடோன் ஹெராயின் பழகியவருக்கு. சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. நீண்ட ஆலோசனை, வேலை, வீட்டார் துணை என்றுதான் மீட்க வேண்டும். சிறை இந்த மூன்றையும் பறிக்கிறது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வழக்கு போதும், வேலை போய்விடும். தோட்டம் துண்டாடப்பட்டபோது வீட்டையும் வேலையையும் ஒன்றாக இழந்த குடும்பங்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும்.

2019இல் அப்போதைய சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அகமது, உட்கொள்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தார். 2020இல் ஆட்சி கவிழ்ந்தது. அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது. 2024இல் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் 15ஆம் பிரிவு உயிரோடு இருக்கும்வரை எந்தச் சட்டத்தில் அனுப்புவது என்ற முடிவு அதிகாரியின் கையில்தான்.

அந்தப் பிரிவை நீக்க அரசியல் துணிச்சல் வேண்டும், காலமும் பிடிக்கும். 39சியிலிருந்து மறுவாழ்வு மையக் கணக்கை மட்டும் எடுக்கச் சின்னத் திருத்தம் போதும். பேராக் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே அதைக் கேட்கலாம்.