பத்து நொடிக் கணக்கு

மார்புக்குள் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்ட ஒருவர் கார் ஓட்டலாமா, கூடாதா என்ற கேள்வி இலக்கியம் வாசிப்பவர்களுக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மருத்துவர்களிடமும் போக்குவரத்து அதிகாரிகளிடமும் விட்டுவிடத்தக்க விவகாரம்தான், அதன் நடுவே ஒரு சிறிய பெருக்கல் கணக்கு இல்லாதிருந்தால். ஒரு மனிதனின் நடமாட்டத்துக்கும், அவன் முன்பின் அறியாத வழிப்போக்கனின் உயிருக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்பதை அந்தக் கணக்கு எண்ணால் எழுதி வைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை என்பது நம் எண்ணம்.

முதலில் கருவி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி சிரை வழியாக இதயத்தின் வலது கீழறைக்குள் செல்கிறது. இரவும் பகலும் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருப்பது அதன் வேலை. கீழறைகள் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுத் தாறுமாறாக நடுங்கத் தொடங்கினால், தன்னுள் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே வீச்சில் இதயத்துக்குள் செலுத்தும். பேஸ்மேக்கருடன் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மெதுவாக நடக்கும் இதயத்தைத் தட்டி நடத்துவது பேஸ்மேக்கர். விழுந்துவிட்ட இதயத்தை உதைத்து எழுப்புவது இது.

"அதுதான் கருவி இருக்கிறதே, இனி என்ன பயம்?" என்று வீட்டார் நினைப்பது இயல்பு. ஆனால் நடுக்கம் தொடங்குவதைக் கருவி தடுப்பதில்லை. தொடங்கிய பிறகே அதற்கு வேலை. இதயம் நடுங்கத் தொடங்கியதுமே மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. ஏறத்தாழ பத்து நொடிகளில் நினைவு தவறும். நடப்பது நடுக்கம்தான் என்று உறுதிசெய்துகொள்ளவும், மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளவும் கருவிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பத்து நொடியில் 160 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்தத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். ஓட்டியவர் பிழைத்துக்கொள்வார். இங்கே ஒரு விந்தை: கருவி அவசரப்படாமல் சற்றுப் பொறுத்திருந்து செயல்பட்டால் தேவையற்ற அதிர்ச்சிகள் குறைகின்றன, நோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 2012இல் வெளியான மேடிட்-ரிட் ஆய்வு காட்டியது. நோயாளியின் உயிருக்கு நல்லதான அந்தப் பொறுமை சாலைக்கும் நல்லதா என்பது வேறு கேள்வி.

இதை உருவாக்கிய மிஷெல் மிரோவ்ஸ்கியின் கவலை சாலையாக இருக்கவில்லை. 1924இல் வார்சாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து சிறுவனாகத் தப்பிப் பிழைத்த அவர், இஸ்ரேலில் பணியாற்றியபோது தன் ஆசான் ஹாரி ஹெல்லரை 1966இல் திடீர் இதய மரணத்துக்குப் பறிகொடுத்தார். மருத்துவமனையிலேயே கிடக்காமல் நடமாடும் நோயாளிக்குள் ஒரு மின்கருவியை வைக்க முடியாதா என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அமெரிக்காவுக்குப் போய், பால்ட்டிமோரின் சினாய் மருத்துவமனையில் மோர்ட்டன் மோவருடன் சேர்ந்து உழைத்தார். பெர்னார்ட் லௌன் போன்ற பெரியவர்களே 1972இல் இது வேண்டாத வேலை என்ற பொருளில் கடுமையாக எழுதினார்கள். 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் மனிதருக்குக் கருவி பொருத்தப்பட்டது. அன்று அதைப் பெற்றவர்கள் ஒரு முறைக்கு மேல் இதயம் நின்று மீண்டவர்கள். பிழைத்திருப்பதே அதிசயம் என்றிருந்தவர்களிடம் காரோட்டுவதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

நிலைமை பின்னர் மாறியது. 2002இல் வந்த மேடிட்-2, 2005இல் வந்த ஸ்கட்-ஹெஃப்ட் ஆகிய ஆய்வுகளுக்குப் பிறகு, ஒரு முறைகூட மயங்கி விழாத, ஆனால் இதயம் பலவீனமாகிவிட்ட ஆயிரக்கணக்கானோருக்கு முன்னெச்சரிக்கையாகவே கருவி பொருத்தத் தொடங்கினார்கள். ஆக, ஒரே வடுவைத் தாங்கிய இரண்டு வகை மனிதர்கள் உருவானார்கள்: மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் ஒரு வகை, போகாமலிருக்கக் காப்பிட்டுக்கொண்டவர்கள் மற்றொரு வகை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் பேசப்படும் எந்த விதியும் அநீதியில்தான் முடியும்.

காப்பு சாலையிலும் வேலை செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் சேனிக்கு 2001 ஜூனில் கருவி பொருத்தப்பட்டது. பதவியில் இருந்தவரை அவரை ஓட்டிச் செல்ல ஆட்கள் இருந்தார்கள். பதவி முடிந்த அதே 2009இன் இறுதியில், வயோமிங் வீட்டில் காரைக் கொட்டகையிலிருந்து பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தபோது நினைவிழந்தார். கருவி அதிர்ச்சி கொடுத்து மீட்டது. பின்னாளில் அவரே இதைப் பொதுவில் சொன்னார். அவருடைய அரசியலை வெறுப்பவர்களும் (நாமும் ரசிகர்கள் அல்லர்) அந்தக் கொட்டகை வாசலுக்குப் பதில் நெடுஞ்சாலையை ஒரு கணம் கற்பனை செய்து பார்க்கலாம்.

விதிகள் என்ன சொல்கின்றன? 1996இல் அமெரிக்க இதயநோய் வல்லுநர்கள் ஆறு மாதம் ஓட்ட வேண்டாம் என்றார்கள். முன்னெச்சரிக்கையாகப் பொருத்திக்கொண்டவர்களுக்கு அறுவைக் காயம் ஆற ஒரு வாரம் போதும் என்று 2007இல் திருத்தினார்கள். 2009இல் ஐரோப்பிய வல்லுநர்கள் முன்னெச்சரிக்கைக்காரர்களுக்கு நான்கு வாரம், மீண்டு வந்தவர்களுக்கு மூன்று மாதம் என்றார்கள். ஒரே இதயம், கடலைத் தாண்டினால் வேறு தண்டனை.

இந்த எண்களுக்கெல்லாம் பின்னால் நிற்பது கனடா இதயநோய் சங்கம் 1992 வாக்கில் வகுத்த கணக்கு. நான்கு எண்களைப் பெருக்கச் சொல்கிறது அது. ஆண்டில் எவ்வளவு பங்கு நேரம் ஸ்டியரிங்கில் இருக்கிறார். என்ன வண்டி ஓட்டுகிறார். ஓராண்டில் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு எவ்வளவு. அப்படிச் செயலிழந்தால் பிறர் சாகவோ காயப்படவோ எவ்வளவு வாய்ப்பு. கடைசி எண்ணை 0.02 என்று வைத்தார்கள். லாரி ஓட்டுநர் நேரத்தில் கால் பங்கைச் சாலையில் கழிக்கிறார், லாரியின் எடைக்கு 1. செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், 0.25 × 1 × 0.01 × 0.02 = 0.00005. இருபதாயிரத்தில் ஒன்று. இதுவே எல்லை, இதற்கு மேல் போனால் ஓட்டக்கூடாது.

இந்த இருபதாயிரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம்மை உறுத்துகிறது. மாரடைப்பிலிருந்து தேறிய, ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு ஆபத்துள்ள லாரி ஓட்டுநரைக் கனடா ஏற்கெனவே அனுமதித்து வந்தது. ஆகவே அந்த அளவு ஆபத்தைச் சமூகம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கொண்டார்கள். பொறுத்துக்கொண்டிருந்தோம், ஆகவே பொறுக்கத்தக்கது. யாரிடமும் கேட்டு எழுதிய எண் அன்று. அப்படியும் இந்தக் கணக்கை நாம் மதிக்கிறோம். ஓட்டுபவரின் சொந்த உயிரை அது கணக்கில் சேர்ப்பதே இல்லை. பிறருக்கு விளையும் கேட்டை மட்டுமே பார்க்கிறது. தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை அவரவருக்கு உண்டு என்ற நாகரிகம் அதில் இருக்கிறது. மறைமுகமாக எல்லா அரசுகளும் செய்வதை அது வெளிப்படையாகச் செய்கிறது என்பதும் உண்டு.

இதே கணக்கைச் சொந்தக் காருக்குப் போட்டுப் பாருங்கள். நேரம் 0.04, வண்டி 0.28. இருபதாயிரத்தில் ஒன்று என்ற எல்லையைத் தொட, அவர் ஓராண்டில் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 22 ஆக இருக்க வேண்டும். முன்னெச்சரிக்கையாகக் கருவி பெற்ற பெரும்பாலோர் அந்த எண்ணின் அருகில்கூட வருவதில்லை.

கள ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. உயிராபத்தான துடிப்புக் கோளாற்றிலிருந்து மீண்டவர்களிடம் பெயர் கேட்காமல் வினாத்தாள் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. 600க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களில் 57 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள்ளும், 78 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள்ளும் மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவர்களின் ஆறு மாதம் காகிதத்தில் இருந்தது. விபத்துகளோ ஆண்டுக்கு 3.4 சதவீதம், அமெரிக்க ஓட்டுநர்களின் பொது விகிதத்தைவிடக் குறைவு. இதயத்தால் வந்திருக்கக்கூடியவை 0.4 சதவீதம் மட்டுமே. வினாத்தாளை உயிரோடிருப்பவர்கள்தானே நிரப்ப முடியும் என்று ஒரு வாசகர் குறுக்கிட்டால் அது நியாயமான கேள்வி. 2007இல் வந்த டோவா ஆய்வு அதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. 1188 பேரைப் பின்தொடர்ந்ததில், ஓட்டும் நேரம் சுமார் 25,000 மணிக்கு ஒன்று என்ற அளவிலேயே உண்மையான கோளாற்றுக்கான அதிர்ச்சி நேர்ந்தது. தினம் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது 68 ஆண்டு. அதிலும் ஓட்டும்போது ஆபத்து கூடவில்லை; ஓட்டி முடித்த பின்வந்த அரைமணி நேரத்தில்தான் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. வீடு வந்து சேர்ந்து, சாவியை ஆணியில் மாட்டிய பிறகுதான் இந்த உடல் தன் படபடப்பைக் காட்டுகிறது போலும். நாவலாசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

பஸ்ஸே வராத அமெரிக்கப் புறநகரில் காரை நிறுத்துவது என்றால் கடை, வேலை, மருத்துவமனை, நட்பு எல்லாவற்றையும் நிறுத்துவது. புதிதாக உரிமம் பெற்ற பதினெட்டு வயதுக்காரர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்று தெரிந்தும் அவர்களிடம் சாவியைக் கொடுக்கும் சமூகம், மார்பில் வடு இருப்பவரிடம் மட்டும் பூஜ்ய ஆபத்தைக் கேட்பது நேர்மையில்லை. அதே பலவீனமான இதயத்தோடு கருவி பொருத்திக்கொள்ளாதவர் கண்ணில் படாமல் போய்விடுகிறார் என்பதையும் நினைக்க வேண்டும். மீண்டு வந்தவர்களுக்கும், கருவி உண்மையிலேயே அதிர்ச்சி கொடுத்து நினைவிழந்தவர்களுக்கும் மூன்று மாதமோ ஆறு மாதமோ தடை இருக்கட்டும். கோளாறு திரும்ப வருமானால் அந்தத் தொடக்க மாதங்களில் வருவதே அதிகம். மற்றவர்களுக்கு வாரக் கணக்கே போதும் என்பது நம் கட்சி.

லாரியும் பஸ்ஸும் வேறு கதை. செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டு ஆனாலே எல்லையைப் போல் இரு மடங்கு. கருவி பொருத்தியவர் தொழில்முறையாகக் கனரக வண்டி ஓட்டக்கூடாது என்று ஐரோப்பிய வல்லுநர்கள் 2009இல் சொன்னதை நாம் மறுக்கவில்லை. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் வண்டியில் பத்து நொடியைப் பரிசோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் சாலையில் உள்ள அத்தனை பேரின் பாதுகாப்புக்காக விதிக்கப்படும் தடையின் முழு விலையையும் அந்த ஒரே ஓட்டுநர் கட்டுகிறார். முப்பது ஆண்டு கற்ற ஒரே தொழில், ஒரு மணிநேர அறுவைச் சிகிச்சையோடு முடிந்துபோகிறது. பெருக்கல் கணக்கில் அவருடைய சம்பளத்துக்கு ஓர் எண்கூட இல்லை. பலன் பொதுவானால் செலவும் பொதுவாக வேண்டும்: மாற்று வேலை, பயிற்சி, இடைக்கால ஊதியம். இவற்றைத் தராமல் தடையை மட்டும் தந்தால், மயக்கத்தை மறைக்கும்படி அவருக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். கலிஃபோர்னியாவில் நினைவு தவறும் நோயுள்ளவரை மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நோக்கம் நல்லது. பிழைப்பு போய்விடும் என்று அஞ்சுபவர் அந்த மருத்துவரிடம் எதைச் சொல்லுவார்?

இந்தியாவில் உரிமம் கோருவோர் நிரப்பும் படிவம் 1, எக்காரணத்தாலாவது திடீரென நினைவு தவறுவதோ தலைசுற்றலோ உண்டா என்று கேட்கிறது. நல்ல கேள்விதான், ஆனால் பெரும்பாலும் இருபது வயதில் பதில் சொல்கிறோம். இதயம் கெடுவது ஐம்பதில். நோயால் தகுதியிழந்தவரின் உரிமத்தை ரத்துசெய்ய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது; யாராவது சொன்னால்தானே அதிகாரிக்குத் தெரியும்? மேலும் கனடாக் கணக்கு கார்களுக்கும் லாரிகளுக்கும் போட்டது. இரு சக்கர வண்டிக்கு அதில் இடமில்லை. எடையைப் பார்த்தால் பிறருக்கு ஆபத்து குறைவு என்றுதான் பெருக்கல் சொல்லும். முன்னால் நிற்கும் பிள்ளையையும் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் மனைவியையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆகவே சட்டம் வரும்வரை, கருவி பொருத்தி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே எத்தனை வாரம் ஓட்டக்கூடாது, ஏன், அதிர்ச்சி வந்தால் மறுபடி எத்தனை மாதம் என்று நோயாளியின் மொழியில் எழுதித் தர வேண்டும். இரு சக்கர வண்டியின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். சீட் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். அமெரிக்கக் கார்களில் ஓட்டுநரின் பெல்ட் இடது தோள் வழியாக வருவதால் தைத்த இடத்தின் மேலேயே அழுந்துகிறது. சிறு துணி மெத்தையை இடையே வைத்துக்கொள்ளலாம், பெல்ட்டைக் கழற்றக்கூடாது. நம் கார்களில் ஓட்டுபவருக்கு அது வலது தோளில் வருகிறது. ஓட்ட வேண்டாம் என்று பக்கத்து இருக்கையில் உட்கார வைக்கப்பட்டவருக்குத்தான் வலிக்கும்.