அப்பா பேர் கடைசிப் பேர் இல்லைங்க சார்!

எங்க அடி அண்ணாமலையில தடுக்கி விழுந்தா ஒரு அண்ணாமலை மேலதான் விழணும். இல்லேன்னா ஒரு அருணாசலம். கிரிவலப் பாதையில டீக்கடை வச்சிருக்கறவர், பூ கட்டறவர், எங்க பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் ஒரே பேர். அப்ப யார் எந்த அண்ணாமலைன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் இனிஷியல். கோ. அண்ணாமலை வேற ஆள், மு. அண்ணாமலை வேற ஆள். யாரும் குழம்பினதா சரித்திரமே இல்ல.

கம்ப்யூட்டர் வந்துச்சு, குழப்பமும் வந்துச்சு.

ஸ்காலர்ஷிப்புக்காக ஒரு வங்கியில கணக்கு ஆரம்பிக்கப் போனேன். என் மார்க் ஷீட்ல குமரன், பக்கத்துல ஒத்தை எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். அங்க திரையில முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு பெட்டி, ரெண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம். இனிஷியலைப் போட்டா ஒத்தை எழுத்து செல்லாதுன்னு சொல்லுது. "அப்பா பேரைப் போட்டுடறேன் தம்பி"ன்னு அவரே முனுசாமின்னு அடிச்சிட்டார். பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வந்த கடிதத்துல "திரு. முனுசாமி அவர்களுக்கு"! எங்கப்பா பிரிச்சுப் பாத்துட்டு "நான் எப்படா அங்க கணக்கு வச்சேன்?"னு கேட்டார் :-)

சிரிப்பு அதோட முடிஞ்சது. "நேம் மிஸ்மேட்ச்"னு பணம் மூணு மாசம் நின்னுபோச்சு. அம்மா தோட்டை வச்சுதான் பரீட்சை ஃபீஸ் கட்டினோம். கேக்கப் போனா கிடைச்ச அறிவுரை: "பேரை மாத்தி கெஜட்ல போட்டுடுங்க." அதாவது தப்பு பெட்டியில இல்லையாம், என் பேர்லயாம்.

நான் பிகாம் சிஏ. இந்தப் பெட்டி எங்கேர்ந்து வருதுன்னு லேப்ல உக்காந்து கத்துக்கறவன். அதனாலதான் இன்னும் ஜாஸ்தி கோபம் வருது. எங்க லேப்ல இன்னும் விபி 6தான். 1998-ல வந்தது, மைக்ரோசாஃப்ட் 2008-லயே கைகழுவினது. அதுல ஃபார்ம் மேல ஒரு டேட்டா கன்ட்ரோலை வச்சு, டெக்ஸ்ட் பாக்ஸோட டேட்டாசோர்ஸ்ல அதையும் டேட்டாஃபீல்ட்ல டேபிளோட காலம் பேரையும் குடுத்தா முடிஞ்சது. ஒரு வரி கோட் வேணாம். அம்புக்குறியை அழுத்த அழுத்த ரெக்கார்டு மாறும், பெட்டியில திருத்தினா டேபிள்லயும் திருந்தும். இதான் டேட்டா பைண்டிங். அந்த வேலையைக்கூட நாம செய்ய வேண்டாம்னு ஒரு விஸார்ட் வேற உண்டு. டேபிளைக் காட்டினா போதும், காலத்துக்கு ஒரு பெட்டின்னு அதுவே வரிசையா அடுக்கிடும்.

பாக்க மேஜிக் மாதிரிதான் இருக்கு. ஆனா என்ன நடக்குதுன்னு பாருங்க. டேபிள் போட்டவர் எங்கயோ ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பாத்து லாஸ்ட்நேம், நாட் நல்னு எழுதி வைக்கறார். அது அப்படியே பெட்டியாகி, கேள்வியாகி, எங்கப்பா முன்னாடி வந்து நிக்குது. நடுவுல ஒரு மனுஷன்கூட "இந்தக் கேள்வி இவங்களுக்குப் பொருந்துமா?"ன்னு யோசிக்கல. பைண்டிங் மேல தப்பில்ல. யோசிக்காம பைண்ட் பண்றவங்களைத்தான் சொல்றேன்.

பேன் கார்டுக்குப் பல வருஷமா புழங்கின 49ஏ பாரத்தை எடுத்துக்கோங்க. முதல் கட்டமே கடைசிப் பெயர்தான்! அதுல இனிஷியல் போடக்கூடாது. ஒத்தைப் பேர்தான்னா அதையே கடைசிப் பெயர்ல எழுதணும். ஆதார்லயோ முழுப் பெயருக்கு ஒரே இடம். ரெண்டையும் இணைச்சே ஆகணும்னு 2017-ல சட்டம் போட்டு, 2023 ஜூன் 30-ஐக் கெடுவாக்கினாங்க. இனிஷியல்காரங்க பாடு என்ன ஆகியிருக்கும்னு நானா சொல்லணும்? 2022 நவம்பர்ல பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் இருந்தா விசிட் விசாவுல வர முடியாதுன்னு அமீரகம் சொல்லிச்சு. அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேர் இருந்தா சரின்னு இறங்கி வந்தாங்க.

"உலகம் பூரா அப்படித்தான், நாமதான் மாறணும்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். எந்த உலகம்? ஐஸ்லாந்துல பெரும்பாலானவங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, நம்மள மாதிரி அப்பா பேர்தான். அங்க டெலிபோன் டைரக்டரியே முதல் பேர் வரிசையிலதான் போட்டாங்க. இந்தோனேசியாவோட முதல் ரெண்டு ஜனாதிபதிகள் சுகர்ணோ, சுகார்த்தோ. ரெண்டு பேருக்கும் ஒத்தைப் பேர். இவங்கல்லாம் மனுஷங்க இல்லையா? முடிஞ்சவரை முழுப் பேருக்கு ஒரே பெட்டி வைங்கன்னு டபிள்யூ3சி-யே எழுதி வச்சிருக்கு.

இன்னொரு கூத்து. இனிஷியலையும் தமிழ்லயே எழுதணும்னு நம்ம அரசு 2021-ல ஆணை போட்டுச்சு. நல்ல விஷயம்தான், பெட்டி இருந்தாதானே எழுத? அண்ணாமலைங்கறது நமக்கு அஞ்சு எழுத்து. யூனிகோட் கணக்குல எட்டு. யுடிஎஃப் 8-ல ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக 24. ஆரக்கிள்ல எதையும் மாத்தாம வர்கார்2(20)னு காலம் போட்டா அந்த அண்ணாமலையாரே உள்ள நுழைய முடியாது!

இதுல எங்க காமர்ஸ் உலகமே தேவலாம். டேலியில லெட்ஜருக்கு ஒரே பேர், கீழ ஏலியாஸ்னு இன்னொரு இடம். கடைக்காரர் "மு. அண்ணாமலை"ன்னும் போடலாம், ஏலியாஸ்ல "பூக்கடை அண்ணாமலை"ன்னும் போடலாம், எதை அடிச்சாலும் அதே கணக்கு வரும். பேரை வச்சு ஆளைப் பொருத்தாதீங்க, அதுக்கு நம்பர் இருக்கு. பேருக்கு ஒரு காலம், இனிஷியலுக்கு ஒண்ணு, அப்பா அம்மா பேருக்குத் தனித்தனியா ரெண்டு. இவ்வளவுதான் கேக்கறோம்.

போன வாரம் ரெக்கார்டு நோட்டுல எம்ப்ளாயி டேபிள் வந்துச்சு. எஃப்நேம், எல்நேம் ரெண்டையும் அடிச்சிட்டு நேம், இனிஷியல்னு போட்டு, ரெண்டு பெட்டியோட பைண்ட் பண்ணி ஓட்டிக் காட்டினேன். நல்லாவே ஓடுச்சு. "சிலபஸ்ல இருக்கற மாதிரி போட்டுட்டு வா"ன்னு சார் நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டார். இன்னும் மாத்தல. எக்ஸ்டர்னல் வர இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.