கம்பி நீட்டியவர்கள்

சேரிப் பள்ளிக்கூடத்துக்கு மாடி வருகிறதாம். ஒன்றல்ல, இரண்டு. "மேல பாருங்க, தூண்ல கம்பி நீட்டிட்டிருக்கு. மாடிக்குன்னு அப்பவே விட்டதுதான்" என்கிறார் அதிகாரி. கம்பி விட்ட காண்ட்ராக்டர் எப்போதோ கம்பி நீட்டிவிட்டார். பழைய வரைபடத்தைக் கேட்டால் ஃபைலே இல்லை. அந்தத் துருப்பிடித்த கம்பிதான் இப்போது ஒரே சாட்சி.

மேலே தெரிகிற கம்பி கீழே கடைக்கால் எத்தனை அடி என்று சொல்லாது தோழர்களே. கணக்குப் போடுவோம். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை. 5 அங்குலக் காங்கிரீட் தளம் மட்டும் ஏறக்குறைய 12 டன். 9 அங்குலச் செங்கல் சுவர், கதவு ஜன்னல் கழித்தாலும் 20 டன்னைத் தாண்டும். பிள்ளைகளுக்கும் பெஞ்சுகளுக்கும் சதுர மீட்டருக்கு 300 கிலோ என்கிறது ஐ.எஸ். 875 விதி, வீட்டுக்கு 200தான். அதில் இன்னொரு 11 டன். ஒரு அறைக்கு 40 டன்னுக்கு மேல். அத்தனையும் இறங்குவது மண்ணில். கரிசல் மண்ணென்றால் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும்.

கருவியால் தூணை நாலு தட்டு தட்டினால் மேல்தோலின் கடினம்தான் தெரியும். கடைக்காலை ஒட்டிக் குழி தோண்டி அளக்கணும். மண்ணைச் சோதிக்கணும். தூணைக் குடைந்து காங்கிரீட் எடுத்து நசுக்கிப் பார்க்கணும். துரு தின்றது போக மிச்சக் கம்பி எவ்வளவு என்று பார்க்கணும். நில அதிர்வையும் சேர்த்து முழுக் கட்டடத்துக்கும் புதுக் கணக்குப் போடணும்.

நான் வங்கியில் குமாஸ்தா. மாடி கட்டக் கடன் கேட்டு வருபவரிடம் அனுமதி பெற்ற வரைபடமும் பொறியாளர் மதிப்பீடும் இல்லாமல் ஃபைல் நகராது. பணத்துக்கு அத்தனை காவல். நம் பிள்ளையின் தலைக்குத் துருப்பிடித்த கம்பி போதுமாம்.

மெக்சிகோ நகரில் ஒரு தனியார் பள்ளி உரிமையாளர் பள்ளிக்கு மேலேயே தனக்கு வீடு கட்டிக்கொண்டார். கட்டடம் பத்திரமென்று பொறியாளரும் கையெழுத்துப் போட்டிருந்தார். 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் அது சரிந்து 19 பிள்ளைகளும் 7 பெரியவர்களும் செத்தார்கள். இருவருக்கும் சிறை கிடைத்தது, பிறகு. படிக்கட்டையும் மறக்கவேண்டாம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்தது மாடியில்தான். இறங்க இருந்தது ஒரு குறுகல் படி.

ஏன் மேலே போகணும்? பக்கத்தில் இடமில்லையாம். திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி 1892இல் நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது? 1994இல் காரணையில் அதைக் கேட்டதற்குத் துப்பாக்கிதான் பதில் சொன்னது. நிலத்தைத் தராதவன் ஆகாயத்தைக் காட்டுகிறான்.

மாடி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. தாங்குமென்றால் கட்டட்டும். தாங்காதென்றால் நிலம் எடுத்துத் தரைமேல் கட்டட்டும். பொறியியல் படிக்கும் தோழர்கள் வாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அன்று வானம் தோண்டிய நம் அப்பன், சித்தப்பன்களையும் கேளுங்கள். குழி தோண்டி ஊர் பார்க்க அளக்கும்வரை ஒரு செங்கல் மேலே ஏறக்கூடாது.