ஐந்தாம் வகுப்புக்குப் பின்



பிள்ளை குர்ஆன் ஓதி முடித்தால் அக்கம்பக்கத்தாருக்கு இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். பத்தாம் வகுப்பில் தேறினால் உறவினர் அனைவரும் மதிப்பெண் கேட்கின்றனர். ஐந்தாம் வகுப்பு முடிவதை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. 2019இல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தபோது பெற்றோர் பதறினர். 2020 பிப்ரவரியில் அவ்வாணை ரத்தானதும் பதற்றம் அடங்கிவிட்டது. (பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு எதற்கு? ரத்தானது நன்றே.)

எங்கள் இளைய மகள் இவ்வாண்டு தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டாள். தெருக்கோடியில் உள்ள அரசுப் பள்ளி அது. மணியடிக்கும் ஓசை வீட்டிற்குக் கேட்கும். அடுத்த பள்ளிக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். “அத்தா, ஆறாம் வகுப்புல பாடத்துக்கு ஒரு டீச்சராமே? பேரே தெரியாத டீச்சர்கிட்ட தண்ணி குடிக்கப் போகவான்னு எப்படிக் கேக்குறது?” என்று வினவினாள். அவளுடைய கவலை அவ்வளவே. நம் கவலைகளோ வேறு.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் அமைய வேண்டும் என்பது நம் மாநிலத்தின் விதி. வளர்ந்தோர்க்கு மூன்று கிலோமீட்டர் பெரிதன்று. பத்து வயதுப் பெண் குழந்தையின் வீட்டாருக்கு அது பெரிய தூரம். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவுதான் பத்து வரை தொடர்கிறது. சிறுபான்மை மாணவர்க்கென மத்திய அரசு வழங்கி வந்த உதவித்தொகை எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2022-23ஆம் கல்வியாண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆக, செலவும் தூரமும் அச்சமும் ஒரே கோடை விடுமுறையில் கூடி வருகின்றன. நம் வீடுகளில் எத்தனையோ பெண்மக்களின் படிப்பு நின்றது இந்த விடுமுறையில்தான். நிறுத்துவோம் என்று எவரும் கூடி முடிவெடுத்ததில்லை. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றனர். அடுத்த வருஷம் எவரும் பார்க்கவில்லை.

என் தாயாரும், “அஞ்சு வரைக்கும் படிச்சாச்சு. பொட்டப்புள்ள தனியா பஸ் ஏறணுமா?” என்றார்கள். அவர்களும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்தாம். தமிழ் நூலை மணிமணியாக வாசிப்பார்கள். மருந்து அட்டையில் உள்ள ஆங்கிலத்தை வாசிக்க மட்டும் இந்தப் பேத்தியைத்தான் அழைப்பார்கள். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. பெரியவர்களின் மனம் நோகச் செய்யலாகாது. பிள்ளையைத் தனியே பேருந்தில் அனுப்ப அவர்கள் அஞ்சுவதும் பொய்யான அச்சமன்று.

ஆகவே, அச்சத்தைப் பழிப்பதை விட்டு அதற்கு வழி காண முனைந்தோம். எங்கள் தெருவில் ஐந்தை முடித்த பெண்பிள்ளைகள் மூவர். மூவரையும் ஒரே பள்ளியில் சேர்ப்பது என்றும், முதல் மாதம் தாய்மார்கள் முறைவைத்து உடன் செல்வது என்றும் பேசி முடித்துள்ளோம். என் மனைவி முன்னதாகவே அப்பள்ளிக்குச் சென்று, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவந்தாள். இதனை ஆண்கள் கேட்டறிவதில்லை. வளரும் பெண்பிள்ளைக்கோ பாடத்திட்டத்தைவிட இது முதன்மையானது. தாழ்ப்பாள் இருக்கிறது. தண்ணீர் மாலையில் நின்றுவிடுகிறதாம். மூன்று தாய்மாரும் தலைமையாசிரியையைக் கண்டு பேசவிருக்கின்றனர்.

உங்கள் வீட்டிலும் ஐந்தை முடித்த பிள்ளை இருப்பின், மாற்றுச் சான்றிதழை வாங்கிய இடத்திலேயே நின்று வாசித்துப் பாருங்கள். நம் பெயர்களை எழுதுவோர் கைக்கொரு விதமாக எழுதுவர். பாத்திமா ஓரிடத்தில் ஃபாத்திமா ஆவாள், மற்றோரிடத்தில் பாத்திமா பீவி ஆவாள். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளவாறே எழுத்துகள் அமைந்துள்ளனவா, பிறந்த தேதி ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட பிழையைத் திருத்துவது பெரும்பாடு. இப்போதோ தலைமையாசிரியையின் மேசையருகே நின்று கேட்டாலே போதும்.